திருகோணமலையில் சொந்தமாக ஒரு குட்டி நீர்மூழ்கி கட்ட: மின்சாரம், பைப், கடிதங்கள், செலவு

வயர் பூட்டி, கமரா வைத்து, வள்ளத்தில் இருந்தபடியே ஓட்டக்கூடிய ஆள் ஏறாத ஒரு குட்டி நீர்மூழ்கியைக் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடசாலை விஞ்ஞானக் கழகம், தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள், வேலை முடிந்து பின்னேரத்தில் ஏதாவது நோண்டிக்கொண்டிருப்பவர்கள் என்று யாரும் செய்யலாம். இணையத்தில் செய்முறைகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் முக்கால்வாசி, வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு எழுதியவை. துறைமுகமும் கடற்படைத் தளமும் உள்ள ஊரில் இந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு எந்த மேசைக்குப் போவது, எஸ்லோன் (பி.வி.சி.) பைப்பில் எதை வாங்குவது, கச்சான் காற்று எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதெல்லாம் அவற்றில் இல்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் உடலில் இருந்து தொடங்குகிறார்கள்: மீன் மாதிரி இருக்கவேண்டும், மூக்குக் கூராக இருக்கவேண்டும் என்று. நீங்கள் மின்சாரத்தில் இருந்து தொடங்குங்கள். எவ்வளவு நீள வயர், எவ்வளவு தடிப்பு, எத்தனை அம்பியர் என்பது முடிவானால் உடல் எப்படி இருக்கவேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும்.

1. ஆழத்தை முடிவு செய்யுங்கள்; ஆள் ஏறும் யோசனையை விடுங்கள்

முதல் கருவிக்கு 8 மீற்றர் ஆழம், 12 மீற்றர் வயர் போதும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் அந்த ஆழத்துக்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது. 12 மீற்றர் வயர் இருந்தாலும் 12 மீற்றர் ஆழத்துக்குப் போகமுடியாது. நீரோட்டம் வயரை வளைத்து இழுக்கும்.

“ஓர் ஆள் உள்ளே இருந்து போக முடியாதா?” என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். முடியாது என்றே சொல்லுங்கள். ஒரு கன மீற்றர் காற்றுள்ள தொட்டிக்குள் சும்மா இருக்கும் ஒருவர் மணிக்கு 20 லீற்றர் அளவு காபனீரொட்சைட்டை வெளிவிடுவார். ஒரு மணி நேரத்தில் அது காற்றில் 2 சதவீதம் ஆகிவிடும். அதற்கு மேலே போகப் போகத் தலையிடி, மூச்சு வாங்கல், பிறகு மயக்கம். ஒட்சிசன் இன்னும் மிச்சம் இருக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். அந்தத் தொட்டியைத் தண்ணீருக்குள் இறக்க ஏறத்தாழ ஒரு தொன் எடையும் வேண்டும். கராஜில் செய்யும் வேலை இல்லை இது.

2. மின்சாரம்: வயரில் தொலையும் வோல்ற்று

பற்றறி எங்கே இருக்கவேண்டும்? வள்ளத்தில். ஈயப் பற்றறியை மூடிய பைப்புக்குள் வைத்துத் தண்ணீருக்குள் அனுப்பவே கூடாது. அது சார்ஜ் ஏறும்போதும், கொஞ்சம் ஓடும்போதும் ஐதரசன் வாயு விடும். மூடிய பைப், ஐதரசன், ஒரு சுவிட்ச் பொறி, மூன்றும் சேர்ந்தால் வெடிதான். லித்தியம் பற்றறிக்கு உப்புத்தண்ணீர் பட்டால் அது வேறொரு ஆபத்து. அதோடு லித்தியத்தைச் சாதாரண விமானத் தபாலில் தனியாக வரவழைக்கவும் முடியாது.

இன்வேர்ட்டர், 230 வோல்ற்று, ஜெனரேற்றர் எதையும் இந்த வேலைக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். 12 வோல்ற்று, பிறகு தேவை வந்தால் 24.

இனிக் கணக்கு. தலையைச் சொறியாமல் ஒருமுறை வாசியுங்கள். கூடுதலான காசு வீணாவது இந்த இடத்தில்தான். 1.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.013 ஓம் தடை. 20 மீற்றர் வயர் என்றால் மின்னோட்டம் போக 20, திரும்பி வர 20, மொத்தம் 40 மீற்றர். தடை 0.52 ஓம். கருவிக்கு வேண்டிய மூன்று மோட்டரும் சேர்ந்து 9 அம்பியர் இழுத்தால் 4.7 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். பற்றறியில் 12 காட்டும், அடியில் 7 தான் இருக்கும். மோட்டர் சுற்றும், ஆனால் கருவி நகராது. “மோட்டர் சரியில்லை” என்று சொல்லி இன்னொரு மோட்டர் வாங்குவீர்கள். இதே கணக்கை 0.75 வயரில் போட்டால் இழப்பு இரட்டிப்பு. இன்ரநெற் கேபிளின் ஒரு சோடி வயரில் மோட்டரைப் பூட்டலாமா என்று கேட்காதீர்கள். அதன் ஒரு கம்பிக்கு மீற்றருக்கு 0.08 ஓமுக்கு மேல்.

அதனால் முதல் கருவிக்கு என் சிபாரிசு இது: ஒவ்வொரு மோட்டருக்கும் தனிச் சோடி வயர். 1 சதுர மில்லிமீற்றர் கம்பிகள் ஆறோ ஏழோ உள்ள வளையும் கேபிள், 12 மீற்றர். ஒரு சோடியில் 3 அம்பியர் மட்டும் போவதால் இழப்பு ஏறத்தாழ 1.4 வோல்ற்று. அது பரவாயில்லை. சுவிட்சுகள் எல்லாம் வள்ளத்தில், உங்கள் மடியில் இருக்கும். தண்ணீருக்குள் போவது மோட்டரும் கமராவும் மட்டும்.

சுவிட்ச் வாங்கும்போது ஆறு முனை உள்ளதாக, நடுவில் விட்டால் நிற்பதாகப் பார்த்து வாங்குங்கள். முன்னே தள்ளினால் முன்னோட்டம், பின்னே தள்ளினால் பின்னோட்டம். அதில் எழுதியிருக்கும் அம்பியர் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்துக்கு உரியது. பற்றறி மின்சாரத்தில் பொறி அணைய நேரம் எடுக்கும், முனை கருகும். 3 அம்பியர் வேலைக்கு 10, 15 என்று எழுதியதை எடுங்கள்.

பற்றறியின் நேர் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ், ஒவ்வொரு மோட்டருக்கும் 5 அம்பியர் பியூஸ். இது இல்லாமல் கேபிளைத் தண்ணீரில் போடாதீர்கள்.

யூ.பி.எஸ்ஸில் இருக்கும் 12 வோல்ற்று 7 அம்பியர்-மணிப் பற்றறி எல்லோர் கண்ணிலும் முதலில் படும். அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 9 அம்பியரில் பாதி என்பது 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. பயிற்சிக்கு அது போதும். கடலுக்கு ஒரு கார் பற்றறியைக் கடன் வாங்கிக்கொண்டு போங்கள். 35, 40 அம்பியர்-மணி என்றால் ஒரு காலைப் பொழுது ஓடும்.

24 வோல்ற்று அனுப்பிக் கீழே 12 ஆக இறக்கும் முறை நல்லதுதான், நீள வயருக்கு அதுவே வழி. ஆனால் அதற்குத் தண்ணீர் புகாத ஒரு பெட்டி வேண்டும். அந்தத் தலையிடி இரண்டாவது கருவிக்கு இருக்கட்டும்.

3. மோட்டரும் விசிறியும்

புதிதாக மோட்டரைத் தண்ணீர் புகாமல் அடைக்க முயற்சி செய்யாதீர்கள். படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் 12 வோல்ற்று பில்ஜ் பம்பின் மோட்டர் ஏற்கெனவே அடைத்துத்தான் வருகிறது. மணிக்கு 500 கலன் என்று எழுதிய சின்னது போதும். வெளிக்கூட்டைக் கழற்றி, தண்ணீர் தள்ளும் சக்கரத்தை இழுத்து எடுத்துவிட்டு, தண்டில் சின்ன விசிறி பூட்டுங்கள். மூன்று வேண்டும்: இடம், வலம், மேல்-கீழ்.

விசிறி பெரிதாக இருந்தால் வேகம் வரும் என்று நினைப்பது அடுத்த பிழை. பெரிய விசிறி அம்பியரை ஏற்றும், பியூஸ் போகும் அல்லது மோட்டர் சூடேறும். 5, 6 சென்ரிமீற்றர் விட்டத்தில் தொடங்குங்கள். வாளித் தண்ணீரில் ஓடவிட்டு மல்ரிமீற்றரில் அம்பியரைப் பாருங்கள். 3 ஐத் தாண்டினால் விசிறியை மாற்றுங்கள். தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் ஓட்டிக் காட்டாதீர்கள், தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு காய்ந்து சூடாகித் தேயும். பார்க்க வரும் ஆட்களுக்காகவே பல மோட்டர்கள் இப்படிப் போகின்றன. விசிறியைச் சுற்றி ஒரு வளையம் வையுங்கள், நைலோன் நூலுக்கும் பிள்ளைகளின் விரலுக்கும் சேர்த்து.

4. காய்ந்த இடம் குறையக் குறைய நல்லது

10 மீற்றர் ஆழத்துக்கு ஒருமுறை அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடும்; அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ. 110 மில்லிமீற்றர் பைப்பின் மூடியில் 10 மீற்றரில் ஏறும் பாரம் 97 கிலோ அளவு. 40 மில்லிமீற்றர் பைப்பின் மூடியில் 13 கிலோ தான். அழகுக்காகப் பெரிய பைப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பைப்பில் அச்சடித்த 600, 1000 என்ற எண்களும் உள்ளிருந்து வரும் தண்ணீர் அழுத்தத்துக்கானவை. வெளியில் இருந்து நசுங்கும் கணக்கு வேறு.

உங்கள் முதல் கருவியில் காய்ந்திருக்க வேண்டியது கமரா மட்டும். காருக்குப் பூட்டும் 12 வோல்ற்று றிவேர்ஸ் கமராவை 40 மில்லிமீற்றர் பைப் துண்டுக்குள் வைத்து, முன்னால் 10 மில்லிமீற்றர் அக்கிரிலிக் வில்லையை ஒட்டி, பின்பக்கத்தை எபொக்சியால் நிரப்புங்கள். லென்சுக்கும் வில்லைக்கும் நடுவில் மட்டும் காற்று இருக்கட்டும். எபொக்சியை ஒரே தரமாக ஊற்றினால் இறுகும்போது கொதிநிலைக்குக் கிட்டச் சூடாகும், கமரா செத்துவிடும். ஒரு விரல் தடிப்பு ஊற்றி, ஆறவிட்டு, பிறகு அடுத்தது. நம் ஊர் ஈரக்காற்றில் மூடினால் உள்ளே பனி படியும். ஏசி அறையில் வைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள்.

இப்போது யாரும் சொல்லித்தராத ஓர் ஆபத்து. வயரின் வெளித்தோலை நீங்கள் எவ்வளவு இறுக்கி அடைத்தாலும், தோலில் எங்கோ ஒரு சின்ன வெட்டு இருந்தால் தண்ணீர் தோலுக்குள் புகுந்து, முறுக்குக் கம்பிகளுக்கு நடுவால் ஊர்ந்து நேராகக் கமராவுக்குள் வந்துவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. அதைத் தடுக்க, எபொக்சிக்குள் இருக்கும் இடத்தில் ஒரு அங்குலத்துக்குத் தோலை உரித்து, கம்பியில் பற்றவைக்கும் ஈயம் (சோல்டர்) பாயவிட்டு இறுக்கி, அதன்மேல் எபொக்சி ஊற்றுங்கள். சிலிக்கோனை மட்டும் நம்பாதீர்கள். எபொக்சி, பைபர் ரெசின் இரண்டும் பைபர் படகு திருத்தும் ஆட்களிடம் சில்லறையாகக் கிடைக்கும். கடையில் முழு டின் வாங்கவேண்டாம்.

சோதிப்பதற்கு உள்ளே காற்றடித்துப் பார்க்கும் வேலை வேண்டாம், மூடி பறந்தால் முகம் போகும். எபொக்சி ஊற்றும் முன், கமரா இல்லாத வெறும் பைப் ஒன்றை அதே மாதிரி ஒட்டி, உள்ளே ரிசு பேப்பர் வைத்து, கல் கட்டி, நீங்கள் போகப்போகும் ஆழத்தின் ஒன்றரை மடங்குக்குக் கயிற்றில் இறக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் சரி.

படம் வள்ளத்துக்கு வர, இன்ரநெற் கேபிளில் ஒரு சோடியும், சீசீரீவி கடையில் விற்கும் இரண்டு பேலனும் (கமராப் படத்தைச் சோடி வயரில் அனுப்ப இரு முனையிலும் பூட்டும் சின்ன இணைப்பு) போதும்.

5. மிதப்பு

சட்டத்துக்கு அரை அங்குல எஸ்லோன் பைப், எல்போ, டீ. சட்டம் முழுவதும் துளை போடுங்கள், தண்ணீர் உள்ளே ஏறட்டும்; இல்லாவிட்டால் ஒரு மூலையில் காற்றுச் சிக்கி கருவி சரிந்தே நிற்கும். மிதவை மேலே, பாரம் கீழே. ரெஜிபோம் ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழக்கும். மீன்வலையில் கட்டும் கெட்டிப் பிளாஸ்ரிக் மிதவை அதைவிட நல்லது, மலிவு. பாரத்துக்கு வலை ஈயம்.

கருவி தானாக மேலே வருமளவுக்குச் சற்று மிதக்கவேண்டும். மின்சாரம் போனால் அதுதான் உங்கள் காப்பு.

வீட்டுத் தொட்டியில் சரிபார்த்த மிதப்பு கடலில் பொருந்தாது. கடல்நீர் லீற்றருக்கு 25 கிராம் கூடப் பாரம். 4 லீற்றர் தண்ணீரைத் தள்ளும் கருவி கடலில் 100 கிராம் கூட மிதக்கும், மேல்-கீழ் மோட்டர் திணறும். ஈயம் கொஞ்சம் கையில் கொண்டுபோங்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுவதால், மழைக்குப் பிறகு மூதூர்ப் பக்கம் மேல்தண்ணீர் நன்னீர், கீழே உப்பு. அங்கே போகாதீர்கள், மிதப்பும் பிடிக்காது, கலங்கலில் ஒன்றும் தெரியவும் மாட்டாது.

6. கடிதங்கள்

கருவி முடிந்த பிறகு இதைத் தொடங்குபவர்களுக்குப் பருவம் தவறிவிடும். பைப் வாங்கும் கிழமையே தொடங்குங்கள்.

கடிதம் இல்லாமல் கருவியைக் கடற்கரைக்குக் கொண்டுபோகவேண்டாம், முச்சக்கர வண்டியில்கூட. பைப், பற்றறி, வயர், சுவிட்ச் எல்லாம் ஒரு உரப்பைக்குள் இருந்தால் அது பார்க்க எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு பக்க விளக்கம் எழுதுங்கள். அதில் இருக்கவேண்டியவை: ஆள் ஏறாது, வயரால் கட்டியது, வயர் இத்தனை மீற்றர், ரேடியோ இல்லை, எதையும் சுமக்காது, எடுக்காது, கமரா மட்டும் உண்டு, எந்தக் கரை, எந்தத் திகதி, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, யார் யார் வருவார்கள், எந்த வள்ளம். நான்கு பக்கமும் எடுத்த படம், அளவு போட்ட ஒரு வரைபடம், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகள், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், வள்ளக்காரரின் சம்மதக் கடிதமும் வள்ளப் பதிவுப் பிரதியும். பாடசாலை என்றால் அதிபர் ஊடாக, வலயக் கல்வி அலுவலகத்துக்குப் பிரதியோடு. தனியாள் போவதைவிட பாடசாலையோ சங்கமோ போனால் வேலை சுளுவாக நடக்கும்.

பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம், கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் எல்லாவற்றுக்கும் கொடுங்கள். தமிழில் எழுதியதோடு சிங்களப் பிரதியும் இணைத்தால் ஒரு கிழமை மிச்சம்; மேசைக்கு மேசை மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்காது. கொடுக்கும் இடத்தில் எல்லாம் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். “பிறகு வாருங்கள்” என்று சொன்னால், யாரிடம், என்றைக்கு என்று கேட்டு அந்தப் பிரதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பதில் எழுத்தில் வரவேண்டும். வாய்ச்சொல் கடற்கரையில் நிற்கும் அடுத்த ஆளுக்குத் தெரியாது.

சில இடங்களைக் கேட்கவே வேண்டாம்: உட்துறைமுகம், கடற்படைத் தளத்தைச் சுற்றிய கடல், சீனக்குடா எண்ணெய் இறங்குதுறைப் பக்கம். புறாத்தீவு 2003 இல் இருந்து தேசியப் பூங்கா, அது வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில்; முதல் கருவியோடு பவளத்துக்கு நடுவில் வயரை இழுத்துப் பார்க்கும் இடமும் இல்லை. பழைய கப்பல் துண்டோ கற்தூணோ கமராவில் பட்டால் தொடாதீர்கள், தொல்பொருள் சட்டம் இருக்கிறது. கரையில் நின்று கடற்படைக் கப்பல் தெரியும்படி செல்பி எடுத்துப் போடுவதையும் விடுங்கள்.

7. செலவு, காலம்

கைக்கணக்காக எண்பதாயிரத்தில் இருந்து ஒரு லட்சம் ரூபாய். அதில் பெரிய பங்கு மூன்று மோட்டருக்கு, அடுத்தது கேபிளுக்கு. இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். பைப், எல்போ, மிதவை, ஈயம் எல்லாம் சேர்த்தாலும் பத்தாயிரத்துக்குள் அடங்கும். திரைக்குப் பழைய கார் மொனிற்றர், பற்றறிக்குக் கடன். மோட்டரை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் பொருள் விலையோடு சுங்க வரியும், 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதமாக உள்ள வற் வரியும் சேரும். விலைப்பட்டியலைப் பார்த்து மலிவு என்று துள்ளவேண்டாம். மூன்றுக்குப் பதில் நான்காக எடுங்கள், ஒன்று கட்டாயம் போகும். வள்ளத்துக்கு எண்ணெய்க் காசும் வள்ளக்கார அண்ணைக்கு அரைநாள் கூலியும் தனி. அவரின் தொழில் நேரம் போகிறது, பேரம் பேசாதீர்கள்.

மாரிமழையும் வாடையும் நிற்கும் வரை கடல் சரிவராது. அந்த மாதங்கள் கட்டும் காலம். தையில் தொட்டிச் சோதனை, அதோடு கடிதங்கள். சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியாகும். ஆனி, ஆடியில் கச்சான் கரையில் இருந்து கடலுக்குத் தள்ளும். அதனால் விடிய ஆறு மணிக்குப் போய், அது கிளம்பும் முன் ஒன்பதுக்குள் கரையேறுங்கள்.

8. கடலில் முதல் நாள்

எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. கருவி தண்ணீரில் இருக்கும்வரை வள்ள எஞ்சின் நிற்கவேண்டும், எஞ்சினின் விசிறிக் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வையுங்கள். வயரை வெட்டும் விசிறி உங்கள் கருவியுடையது இல்லை, வள்ளத்துடையது. கருவியை வயரில் தொங்கவிடாமல் கூடவே ஒரு நைலோன் கயிறு கட்டி, பாரம் கயிற்றில் விழும்படி வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். மீற்றருக்கு ஒரு குட்டி மிதவை வயரில் கட்டினால் அது அடியில் கிடந்து கல்லில் சிக்காது. அந்தப் பக்கம் யாரும் வலை போட்டிருக்கிறார்களா என்று முந்தின நாள் பின்னேரமே கடற்றொழிலாளர் சங்கத்தில் கேளுங்கள். சிக்கினால் வலையை வெட்டவேண்டாம், கருவியை விட்டுவிட்டு வலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

முதல் இறக்கம் இரண்டு மீற்றர். மேலே எடுத்து, கமராவில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாலு. பிறகுதான் எட்டு.

கரைக்கு வந்ததும் நன்னீர்த் தொட்டியில் போட்டு மோட்டர்களை இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள், உப்பு தண்டில் காயக்கூடாது. ஆணி, நட் எல்லாம் 316 வகை துருப்பிடிக்காத உருக்கா என்று வாங்கும்போதே பார்த்திருந்தால் இந்த இடத்தில் கவலை இல்லை. பற்றறியை அன்றிரவே சார்ஜில் போடுங்கள், காற்றோட்டமுள்ள இடத்தில். பாதி இறங்கிய ஈயப் பற்றறியை ஒரு கிழமை அப்படியே வைத்தால், கடன் தந்தவரிடம் புதுப் பற்றறியோடுதான் போகவேண்டி வரும்.